சாந்தியின் ஓட்டமும் நம்ம ஊர்ப் பிள்ளைகளும்



இந்த மாதப் பாடம் ஓட்டப்பந்தயத்தைப் பற்றியது. "மீன் கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடுறதே பெரிய ஓட்டம், இதுல பந்தயம் வேறயா" என்று தேவனாம்பட்டினம் அக்காமார்கள் சிரிப்பது எங்களுக்கும் கேட்கிறது. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். குழுவில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசித்து மற்றவர்கள் கேட்டாலும் போதும். வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். வயசுக்கு வராத பிள்ளை இருந்தால் கட்டாயம் படியுங்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி என்று ஒரு கிராமம். அங்கே 1981-ல் பிறந்தவர் சாந்தி சௌந்திரராஜன். அப்பா, அம்மா இரண்டு பேரும் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தவர்கள். தலித் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் சாந்திதான் மூத்தவர். மூத்த பெண் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது, உலை வைப்பது, தண்ணி எடுப்பது எல்லாம் முடிந்த பிறகு மிச்சம் இருக்கிற நேரம்தான் அவளுக்கு. அந்த மிச்ச நேரத்தில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. தாத்தா தன் காலத்தில் நல்ல ஓட்டக்காரர். பேத்திக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது மண் தரையில் ஓடவிட்டுப் பழக்கினார். முதல் ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பள்ளிக்கூடப் போட்டியில் ஜெயித்தார். விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளை என்று உதவித்தொகை கிடைத்து, மேல்நிலைப் பள்ளிப் படிப்பு நடந்தது. பிறகு புதுக்கோட்டையில் கல்லூரி, அதற்குப் பிறகு சென்னை. பணம் கட்டிப் படிக்க வழியில்லாத வீட்டில் கால்தான் பீஸ் கட்டியது. 800 மீட்டர், 1500 மீட்டர், தடைகளையும் தண்ணீர்ப் பள்ளத்தையும் தாண்டி ஓடுகிற 3000 மீட்டர் என்று நடுத்தர தூர ஓட்டங்கள் அவருக்குக் கைவந்தன. 2005-ல் பெங்களூரில் நடந்த போட்டியில் அந்த 3000 மீட்டர் தடை ஓட்டத்தில் தேசிய சாதனை செய்தார். அதே வருஷம் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. மொத்தத்தில் நாட்டுக்காக 12 சர்வதேசப் பதக்கங்கள், தமிழ்நாட்டுக்காக ஐம்பது பதக்கம் வரை வாங்கியவர்.

800 மீட்டர் என்பது ஒரு சிக்கலான தூரம். மைதானத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். நூறு மீட்டர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில் முடிக்கவும் முடியாது, மாரத்தான் மாதிரி நிதானமாகப் போகவும் முடியாது. முதல் சுற்றில் வேகமாகப் போய்விட்டால் இரண்டாவது சுற்றில் தொடை கல்லாகிவிடும். மெதுவாகப் போனால் முன்னால் போனவர்களைப் பிடிக்க முடியாது. கடைசி இருநூறு மீட்டரில் காற்று பத்தாமல் நெஞ்சு எரியும், அந்த நேரத்தில்தான் வேகம் கூட்ட வேண்டும். வெள்ளி கடற்கரை மணலில் ஒரு தடவை இரண்டு நிமிஷம் விடாமல் ஓடிப் பாருங்கள், புரியும்.

2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோஹா நகரில் 15-ஆவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 800 மீட்டர் இறுதிப் போட்டியில் பஹ்ரைன் நாட்டின் மரியம் யூசுஃப் ஜமால் தங்கம் வாங்கினார். சாந்தி 2 நிமிடம் 3.16 நொடியில் இரண்டாவதாக வந்தார். அவருக்கு அடுத்து வந்த கசகஸ்தான் நாட்டுப் பெண்ணுக்கும் அவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒரு நொடியை நூறு பங்காக்கினால் அதில் சில பங்குதான். கண் இமைப்பதற்குள் முடிகிற நேரம். அந்த நேரத்துக்காகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியிருக்கிறார்.

ஓட்டம் முடிந்த பிறகு அவரைச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். ஊக்கமருந்துச் சோதனை எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் வழக்கமாக நடப்பது. இது அது இல்லை. இவர் பெண்தானா என்று பார்க்கிற சோதனை. ரத்தம் எடுத்தார்கள், உடம்பையும் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். எதற்காக என்று தனக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை என்று பிறகு பல பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். ஊருக்குத் திரும்பி வந்தார். ஒரு நாள் டி.வி. செய்தியில் அவருடைய பெயர் வந்தது. பாலினச் சோதனையில் தோற்றுவிட்டார், பதக்கம் போகிறது என்று. தன் உடம்பைப் பற்றிய சேதியை அவர் ஊரோடு சேர்ந்து டி.வி.யில்தான் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான், இனிமேல் போட்டியில் ஓட முடியாது என்ற தகவல் வந்தது. வெள்ளிப் பதக்கம் பறிக்கப்பட்டது.

அந்தச் சோதனையில் என்ன வந்தது என்று செய்தித்தாள்கள் பலவிதமாக எழுதின. நாம் அதற்குள் போகப் போவதில்லை. அது அவருடைய உடம்பு, அவருடைய விஷயம். இதைப் படிக்கிறவர்களும் "அப்படின்னா அவங்க யாரு?" என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பிறந்ததிலிருந்து பெண்ணாக வளர்ந்தார், பெண்ணாகவே பள்ளிக்கூடம் போனார், பெண்கள் ஓடுகிற பந்தயத்தில் ஒளிக்காமல் மறைக்காமல் ஓடினார். ஏமாற்று வேலை எதுவும் அவர் செய்யவில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது? ஆண்கள் பெண் வேஷம் போட்டுக்கொண்டு வந்து பதக்கம் வாங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் ஆரம்பித்தது. 1966-ல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் ஐரோப்பிய தடகளப் போட்டிக்கு வந்த பெண்களை மருத்துவர்கள் முன்னால் துணி இல்லாமல் நிற்க வைத்துப் பார்த்தார்கள். அது அசிங்கம் என்று எதிர்ப்பு வந்ததும், வாயின் உள்பக்கத்தில் சுரண்டி எடுத்துப் பார்க்கிற சோதனையை 1968 ஒலிம்பிக்கில் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் பனிக்கால ஒலிம்பிக் பிரான்ஸ் நாட்டின் கிரெனோபிள் நகரில் நடந்தது. பனிமலையில் சறுக்கி ஓடுகிற பெண்களும் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும், "இவர் பெண்" என்று எழுதிய சீட்டு.

அந்தப் பனிச்சறுக்கில் ஒரு கதை உண்டு. ஆஸ்திரியா நாட்டில் எரிகா ஷினெகர் என்று ஒரு விவசாயி வீட்டுப் பெண். 1966-ல் மலைச்சரிவில் இறங்கும் பந்தயத்தில் உலக சாம்பியன். கிரெனோபிளுக்கு முன்னால் நடந்த சோதனையில் அவருடைய உடம்பு உள்ளே ஆண் அமைப்பு உள்ளது என்று தெரியவந்தது. அவருக்கும் அதுவரை தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. பிறந்தபோது பெண் என்று சொன்னார்கள், அப்படியே வளர்ந்துவிட்டார். பிறகு சிகிச்சை செய்துகொண்டு எரிக் என்ற பெயரில் ஆணாக வாழ்ந்தார், கல்யாணம் செய்துகொண்டார். தன்னிடம் இருந்த தங்கப் பதக்கத்தை, அன்று இரண்டாவதாக வந்த பிரான்ஸ் வீராங்கனை மரியெல் கொய்ட்ஷெலிடம் 1988-ல் அவரே கொடுத்துவிட்டார். இது ஒரு மாதிரி முடிந்த கதை.

ஸ்பெயின் நாட்டில் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ என்ற தடை ஓட்ட வீராங்கனையின் கதை வேறு மாதிரி. 1985-ல் ஜப்பானில் ஒரு போட்டிக்குப் போனபோது பெண் என்ற பழைய சீட்டை எடுத்துப் போக மறந்துவிட்டார். திரும்பவும் சோதனை செய்தார்கள், ஆணுக்கு இருக்கிற குரோமோசோம் இருக்கிறது என்று வந்தது. அடிபட்ட மாதிரி நடித்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கிக்கொள் என்று சொன்னார்கள். அவர் ஒதுங்கவில்லை. அடுத்த வருஷம் விஷயம் பத்திரிகையில் வந்தது. உதவித்தொகை போயிற்று, நிச்சயித்த மாப்பிள்ளை போனார். ஆனாலும் மருத்துவர்களின் துணையோடு வாதாடி 1988-ல் திரும்ப ஓடும் உரிமையை வாங்கினார். பிறகு கல்லூரி ஆசிரியர் ஆனார்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு இப்படி வந்தது. எட்டுப் பேரையும் ஓடவிட்டார்கள். யாருடைய பெயரும் வெளியே வரவில்லை. எல்லாரையும் கட்டாயமாகச் சோதிப்பதையே 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சந்தேகம் என்று யாராவது சொன்னால் மட்டும் சோதனை என்று ஆயிற்று. சாந்தி மாட்டியது அந்தக் காலத்தில்தான்.

இனி கொஞ்சம் உடம்புப் பாடம். கூச்சப்படாமல் படிக்க வேண்டும்.

நம் உடம்பு குரோமோசோம் என்ற 46 நூல்களை வைத்து நெய்யப்படுகிறது. அதில் இரண்டு நூல் ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புள்ளது. பெரும்பாலும் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய். ஒய் இருந்தால் கருவில் விதைப்பை உருவாகி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கும், அது உடம்பை ஆணாக்கும். இதுவரை பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. சில குழந்தைகளுக்கு எக்ஸ் ஒய் இருக்கும், ஹார்மோனும் சுரக்கும், ஆனால் உடம்பு அதைக் கேட்காது. கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், படகில் செட் பழுது, சேதி போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு தன் வழியில் போகும். அந்த மாதிரி அந்தக் குழந்தை பெண்ணாகவே பிறக்கும், பெண்ணாகவே வளரும், மார்பும் வளரும். கர்ப்பப்பை மட்டும் இருக்காது, மாதவிலக்கு வராது. பட்டினோவுக்கு இருந்தது இதுதான். அட்லாண்டாவின் எட்டுப் பேரில் சிலருக்கும் இதுதான். செட் முழுவதும் பழுதாகாமல் பாதி கேட்கிற உடம்புகளும் உண்டு. இன்னும் வேறு பல வகைகளும் உண்டு. இதெல்லாம் நோயும் இல்லை, சாபமும் இல்லை, யாரும் செய்த பாவமும் இல்லை. அம்மா கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தைப் பார்த்ததால் வருவதும் இல்லை.

அப்படியானால் பந்தயத்தில் மற்றப் பெண்களுக்கு அநியாயம் ஆகாதா? இந்தக் கேள்வி நியாயமானதுதான். கசகஸ்தான் பெண்ணும் கஷ்டப்பட்டு ஓடி வந்தவர்தானே. டெஸ்டோஸ்டிரோனை உடம்பு கேட்கிற அளவுக்குத் தகுந்த மாதிரி ஓட்டத்தில் லாபம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மருத்துவர்களும் விளையாட்டு அமைப்புகளும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற விஷயம் இது. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பரிலிருந்து, உலகப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓடுகிற எல்லாரும் வாழ்நாளில் ஒரு தடவை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று விதி போட்டது. பழைய முறை வேறு பெயரில் திரும்ப வந்துவிட்டது என்று எதிர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்களைக் கேட்டால், விதி எதுவாக இருந்தாலும் சோதனையின் முடிவை முதலில் அந்தப் பெண்ணிடம், அவளுக்குப் புரிகிற பாஷையில், தனியாகச் சொல்ல வேண்டும். அவள் சம்மதம் இல்லாமல் வேறு ஒருவருக்கும் சொல்லக் கூடாது. இதில் இரண்டு பக்கம் கிடையாது.

சாந்திக்குப் பிறகு இதே சோதனையில் சிக்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். தென் ஆப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 2009-ல் பெர்லினில் 800 மீட்டரில் உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 18. அவரையும் சோதித்தார்கள், அவருடைய விஷயமும் வெளியே கசிந்தது. ஆனால் அவருடைய நாடே அவருக்காக எழுந்து நின்றது. பதக்கம் அவரிடமே இருந்தது, பிறகு ஒலிம்பிக்கிலும் ஜெயித்தார். புதிய விதிகளால் ஓட முடியாமல் போனபோது வழக்குப் போட்டார். அதில் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது.

நம்ம நாட்டில் ஒடிசாவைச் சேர்ந்த டூட்டி சந்த் இருக்கிறார். நெசவாளர் வீட்டுப் பெண், 100 மீட்டர் ஓட்டக்காரர். 2014-ல் ஹார்மோன் அதிகம் என்று காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து நீக்கினார்கள். இந்தத் தடவை பயோஷ்னி மித்ரா என்ற ஆராய்ச்சியாளர் கூட நின்றார், அரசாங்கமும் வழக்குக்குத் துணை நின்றது. 2015-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. டூட்டி 2016 ஒலிம்பிக்கில் ஓடினார், 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினார். (2023-ல் ஊக்கமருந்துக்காக அவருக்கு நாலு வருஷத் தடை வந்தது. அது வேறு விஷயம், இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.) எட்டு வருஷம் முன்னால் சாந்திக்கு வக்கீலும் இல்லை, கூட நிற்க ஆளும் இல்லை, மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதைச் சொல்லவும் ஆள் இல்லை. செங்கல் சூளைக்காரர் பிள்ளைக்கு அதெல்லாம் யார் சொல்வார்கள்?

ஆனால் தமிழ்நாடு அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. பதக்கம் போனாலும் அன்றைய முதலமைச்சர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசும் ஒரு டி.வி.யும் கொடுத்தார். அந்தச் சமயத்தில் கிடைத்த ஒரே மரியாதை அது. ஆனால் ஊர்ப் பேச்சு நிற்கவில்லை. வெளியே தலைகாட்ட முடியவில்லை. 2007-ல் உயிரை விடக்கூட முயன்றார். நல்ல வேளையாகப் பிழைத்தார். பிறகு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அறுபது எழுபது பிள்ளைகள் வந்தார்கள், போட்டிகளில் பரிசும் வாங்கினார்கள். விளையாட்டுத் துறையில் தற்காலிகப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. தொகுப்பூதியம் என்றால் எவ்வளவு, எப்போது வரும் என்று நம்மில் பலருக்கு அனுபவம் உண்டே. அதில் காலம் தள்ள முடியவில்லை. 2012-ல் அவர் அப்பா அம்மாவோடு அதே செங்கல் சூளையில் நாள் கூலிக்கு வேலை பார்க்கிறார் என்று பத்திரிகைகளில் படத்தோடு செய்தி வந்தது. கூலி சுமார் 200 ரூபாய்.

அந்தச் செய்திக்குப் பிறகுதான் டில்லி வரைக்கும் அசைந்தது. தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்து 2014-ல் முடித்தார். நமக்குப் பக்கத்தில், சிதம்பரம் தாண்டி இருக்கிற மயிலாடுதுறை விளையாட்டுப் பயிற்சி மையத்தில் ஒப்பந்த முறையில் பயிற்சி கொடுத்தார். பதக்கம் போய்ப் பத்து வருஷம் ஆன பிறகுதான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. ஆணையங்களுக்கு மனு போட்டுக்கொண்டே இருந்தார், பதக்கத்தையும் திரும்பக் கேட்டார். அவரைத் தூக்கி நிறுத்தியது எது என்று யோசித்தால், கையில் இருந்த தொழிலை, அதாவது ஓட்டத்தை, அவர் விடாததுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஓட விடவில்லை என்றதும் ஓட வைக்கப் போய்விட்டார்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு வரவு எழுதி முடித்த பிறகு ஒரு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். (யார் என்று தெரியாதபடி விவரத்தை மாற்றித்தான் எழுதுகிறோம், தேட வேண்டாம்.) சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை, பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடுவாள், என்ன செய்வது என்று. அவர் முடிப்பதற்குள் நாலு பக்கமிருந்தும் பதில் வந்தது. "ஓடி ஓடித்தான் கர்ப்பப்பை இறங்கிப்போச்சு." "ஓட்டத்தை நிறுத்து, எள்ளும் வெல்லமும் குடு." "கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்." ஒரு அக்கா இன்னும் ஒரு படி மேலே போய் "அது பொம்பளப் புள்ளதானா பாத்தீங்களா" என்றார். தோஹாவில் நடந்த சோதனை நம்ம பாயிலேயே நடந்து முடிந்துவிட்டது, ரத்தம்கூட எடுக்காமல்.

இதில் சரியானது எது, தப்பு எது என்று மருத்துவர்கள் சொல்வதை எழுதுகிறோம். ஓடினால் கர்ப்பப்பை இறங்காது. ஆனால் கடுமையாகப் பயிற்சி செய்கிற பிள்ளைக்கு அதற்குத் தகுந்த சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிலக்கு தள்ளிப்போகும், அது உண்மை. அதற்கு ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, சாப்பாட்டைக் கூட்ட வேண்டும். முட்டை, மீன், பயறு, கடலை என்று தட்டில் விழ வேண்டும். நல்ல மீனை ஏலத்துக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்குக் குழம்பை மட்டும் ஊற்றுகிற வழக்கம் நம்மில் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதின்மூன்று வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவே இல்லை என்றால், அல்லது மற்ற வளர்ச்சி எல்லாம் இருந்து பதினைந்து வயது முடிந்தும் மாதவிலக்கு வரவில்லை என்றால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல வீட்டில் அம்மாவும் அத்தையும் லேட்டாக வயசுக்கு வந்திருப்பார்கள், பிள்ளையும் அப்படித்தான். காட்டினால் கவலை தீர்ந்தது. சில பிள்ளைகளுக்குத் தைராய்டு கோளாறு இருக்கும், மாத்திரையில் சரியாகும். கர்ப்பப்பையில் காசநோய் இருந்தாலும் மாதவிலக்கு வராமல் போகலாம், அதற்கும் மருந்து உண்டு. ஒரு விஷயத்தை முக்கியமாகக் கவனியுங்கள். மாதவிலக்கு வரவில்லை, ஆனால் மாதா மாதம் அடிவயிற்று வலி மட்டும் வருகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. உள்ளே ரத்தம் வந்து, வெளியே வர வழியில்லாமல் ஒரு சவ்வு அடைத்திருக்கலாம். சின்ன அறுவை சிகிச்சையில் தீர்ந்துவிடும். விட்டுவிட்டால் உள்ளே கட்டிக்கொண்டு துன்பம். பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லாத பெண்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரில் ஒருவர் உண்டு. மேலே சொன்ன எக்ஸ் ஒய் வகையும் உண்டு. இவர்களும் பெண்களாகப் படித்து, வேலை பார்த்து, விருப்பப்பட்டால் கல்யாணமும் செய்துகொண்டு வாழலாம். விஷயத்தை மறைத்துக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு, பிறகு பிள்ளை இல்லை என்று அடி உதை பட்டுத் திரும்பி வந்த பெண்களை எங்கள் களப்பணியில் பார்த்திருக்கிறோம். கல்யாணம் எதையும் சரியாக்காது.

கைக்குழந்தைக்குப் பிறப்புறுப்பு ஆணா பெண்ணா என்று தெளிவில்லாமல் இருந்தால் உடனே அறுவை சிகிச்சை செய்து ஒரு பக்கமாக ஆக்கிவிடச் சொல்லிப் பெற்றவர்கள் அலைகிறார்கள். 2019-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னதன் பேரில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி அப்படிப்பட்ட அறுவை சிகிச்சையைக் குழந்தைகளுக்குச் செய்யக் கூடாது என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. இந்தியாவிலேயே முதல் மாநிலம் நாம்தான். பிள்ளை வளர்ந்து தனக்கு எது என்று சொல்லட்டும் என்பதுதான் காரணம். யாராவது அவசரப்படுத்தினால் இந்த ஆணையைச் சொல்லிக் கேளுங்கள்.

வாராந்திரக் கூட்டத்தில் இந்தப் பாடத்தை வாசித்த பிறகு பேசுவதற்கு ஒன்றிரண்டு விஷயம் சொல்கிறோம். சாந்திக்குச் சேதியை யார், எங்கே, எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்? நம்ம குழுவில் ஒருத்தர் தன் பிள்ளையின் உடம்பைப் பற்றிச் சொன்னால் அது கூட்டத்தோடு நிற்கிறதா, குழாயடிக்கும் ஏலக் கூடத்துக்கும் போய்விடுகிறதா? கடன் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிற குழுக்கள் உண்டு. இதையும் எழுதலாமா என்று பேசிப் பாருங்கள். பெரிய மனுஷி ஆகவில்லை என்று ஓட்டத்திலிருந்தோ, ஆகிவிட்டாள் என்று ஓட்டத்திலிருந்தோ நிறுத்தப்பட்ட பிள்ளைகள் நம்ம தெருவில் எத்தனை பேர் என்றும் எண்ணிப் பாருங்கள்.

கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கிறவர்கள் களப்பணியாளரிடம் தனியாகச் சொல்லுங்கள், கூட வருகிறோம். மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தாலும், உடம்பைப் பற்றி யோசனை கேட்க வேண்டும் என்றாலும் 104 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் பேசலாம், காசு இல்லை. மஞ்சக்குப்பத்தில் இருக்கிற கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மகளிர் பிரிவில் முதலில் காட்டலாம். சிதம்பரம் பக்கத்துக் குழுக்கள் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ஹார்மோன் சோதனை மேற்கொண்டு தேவை என்றால் புதுச்சேரி ஜிப்மரில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மருத்துவர் பேசும்போது பிள்ளையை வெளியே உட்கார வைக்காதீர்கள், அவளும் கேட்கட்டும். பிள்ளையைப் பரிசோதிக்கும்போது ஒரு பெண் மருத்துவரோ செவிலியரோ கூட இருக்க வேண்டும் என்று கேட்கலாம், அது உங்கள் உரிமை. வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொன்னால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், அதனால் கையோடு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள், கூப்பிடும் வரை பிள்ளையைப் பாத்ரூம் போகவிடாதீர்கள்.